லுத்தரை எரிக்காம விட்டது எப்படி? சாக்சனி பிரெடரிக் பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

பொறையார்_பையன்:

எல்லாருக்கும் வணக்கம். சீர்திருத்த ஞாயிறுக்கு வாலிபர் சங்கத்துலேர்ந்து ஒருத்தர் பேசணும், இந்த வருஷம் என் தலையில கட்டிட்டாங்க. எங்க சபையில வருஷா வருஷம் ஒரே கதைதான் ஓடும், 1517 அக்டோபர் 31, விட்டன்பெர்க் கோயில் கதவு, பாவமன்னிப்புச் சீட்டு விக்கிறதை எதிர்த்து ஜெர்மன் சாமியார் லுத்தர் எழுதின 95 வாசகம், சுத்தியல், அங்கேர்ந்து நேரா ஒரே தாவல்ல வோர்ம்ஸ் ஊர்ல கூடின பேரரசு சபை, பேரரசர் முன்னாடி லுத்தர் தைரியமா நின்னாரு, ஆமென். நடுவுல இந்த மனுஷன் எப்படி உயிரோட இருந்தாருன்னு ஒருத்தரும் சொல்றதில்ல. அதுக்கு நூறு வருஷத்துக்கு முன்னாடி கிட்டத்தட்ட இதே மாதிரி பேசின யான் ஹூஸை 1415ல கான்ஸ்டன்ஸ்ல எரிச்சுட்டாங்க, அதுவும் பாதுகாப்பா வந்துட்டுப் போலாம்னு ராஜா கையெழுத்துப் போட்டுக் குடுத்த பிறகு. லுத்தருக்கு மட்டும் ஏன் அது நடக்கல?

எங்க சபை போதகர் ஐயர்கிட்ட கேட்டா "சாக்சனி ராஜா பிரெடரிக் காப்பாத்தினார் தம்பி"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டாரு. சரின்னு தேடிப் படிச்சா இன்னும் குழப்பம். அந்த பிரெடரிக்கே புனிதர்களோட எலும்பு, துணி, முள்ளுன்னு 19,013 துண்டு சேர்த்து வச்சிருந்த ஆளாம். லுத்தர் எதைத் திட்டினாரோ அதையே வீட்ல வச்சிருந்தவரு எதுக்கு லுத்தரைக் காப்பாத்தணும்? உள்ளுக்குள்ள விசுவாசம் வந்துச்சா, இல்ல வேற கணக்கா? விவரமா தெரிஞ்ச அண்ணன் அக்கா யாராச்சும் சொல்லுங்க, கூகுள் பண்ணிக்கோன்னு மட்டும் சொல்லாதீங்க ப்ளீஸ்.

—

சீர்காழி_சிவா:

தம்பி முதல்ல ஒன்னு, அவர் ராஜா இல்ல. ஜெர்மனிங்கிற தேசமே அப்ப கிடையாது, நூத்துக்கணக்கான குட்டி குட்டி ஆட்சி, மேல ஒரு பேரரசர். அந்தப் பேரரசரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்குற உரிமை 1356லேர்ந்து ஏழே பேருக்குத்தான், மூணு பேராயர், நாலு பிரபு. சாக்சனிக்காரர் அந்த ஏழுல ஒருத்தர். இதைப் புடிச்சுக்கிட்டீங்கன்னா மீதி தானா புரியும். மத்ததை நம்ம கும்பகோணம் அண்ணன் வந்து சொல்வாரு, அவருக்கு இது வெல்லம்.

—

குடந்தை_குமாஸ்தா:

கூப்பிட்டதுக்கு நன்றி சிவா. நான் வக்கீல் ஆபீஸ்லயே காலத்தை ஓட்டினவன், அதனால என் கண்ணுக்கு இந்தக் கதை முழுக்க ஒரு கேஸ் கட்டாத்தான் தெரியும், முன்கூட்டியே சொல்லிடறேன்.

பிரெடரிக் லுத்தருக்காகக் கத்தி தூக்கல, ஒரு சண்டை போடல, "லுத்தர் சொல்றது சரி"ன்னு வெளிப்படையா ஒரு தடவை கூடச் சொல்லல. அவர் செஞ்சது எல்லாம் வாய்தா வாங்கினதுதான். இந்த ஊர்ல விசாரிக்கக் கூடாது, அந்த ஜட்ஜ் கூடாது, கட்சிக்காரரைக் கேக்காம தீர்ப்பு சொல்லக் கூடாது, உத்தரவு என் கைக்கு முறைப்படி வரல. ஏழெட்டு வருஷம் இப்படியே இழுத்தாரு, அதுக்குள்ள லுத்தர் எழுதினதெல்லாம் அச்சாகி ஊர் ஊராப் போயிடுச்சு.

1518 ஆகஸ்ட்ல ரோமுக்கு வான்னு சம்மன் வருது. போயிருந்தா திரும்பி வந்திருக்க மாட்டாரு. பிரெடரிக் என்ன பண்றாரு, "என் பல்கலைக்கழகத்து வாத்தியாரை ஜெர்மன் மண்ணுலயே விசாரிங்க"ன்னு பேசி ஆக்ஸ்பர்க் ஊருக்கு மாத்திடறாரு. அந்தப் பல்கலைக்கழகம் 1502ல அவரே ஆரம்பிச்சது, லுத்தர் அங்க சம்பளக்காரர். அக்டோபர்ல போப்போட பிரதிநிதி கர்தினால் கயத்தான் முன்னாடி லுத்தர் நிக்கிறாரு, மூணு நாள் பேச்சு, வாக்குவாதம், பின்வாங்கிக்கோங்கிறாரு, இவரு முடியாதுங்கிறாரு, கடைசியில ராத்திரியோட ராத்திரியா குதிரை ஏறி ஊரை விட்டுக் கிளம்பிட்டாரு. கயத்தான் பிரெடரிக்குக்கு லெட்டர் போடறாரு, ஆளை ரோமுக்கு அனுப்பு, இல்லேன்னா நாட்டை விட்டுத் துரத்துன்னு. பிரெடரிக் அந்த லெட்டரை லுத்தர் கையிலயே குடுத்து பதில் எழுதச் சொல்லி வாங்கிக்கிட்டு, அப்புறம் டிசம்பர்ல "இவர் தப்பு செஞ்சாருன்னு இன்னும் யாரும் நிரூபிக்கலையே"ன்னு நிதானமா மறுத்து எழுதறாரு. எதிர்த்தரப்பு மனுவை நம்ம கட்சிக்காரர்கிட்ட காட்டி பதில் மனு தயார் பண்ற மாதிரிதான், இதைப் படிச்சப்ப எனக்குச் சிரிப்பு தாங்கல.

இதுக்கு நடுவுல போப்பு பத்தாம் லியோ ஒரு தூண்டில் போடறாரு, பொன் ரோஜான்னு ஒரு பரிசு, போப்பு ரொம்ப வேண்டிய ஆட்சியாளருக்குக் குடுக்குற பெரிய மரியாதை. மில்டிட்ஸ்னு ஒரு தூதர் அதைத் தூக்கிக்கிட்டு வர்றாரு. பிரெடரிக்குக்கு அது மேல ரொம்ப நாளா ஆசைதான். வாங்கிக்கிட்டாரு, ஆளை மட்டும் குடுக்கல!

அடுத்து அவருக்கு அடிச்ச அதிர்ஷ்டம். 1519 ஜனவரியில பேரரசர் மாக்ஸிமிலியன் செத்துப் போறாரு. பேரன் ஸ்பெயின் சார்லஸ் ஒரு பக்கம், பிரான்ஸ் ராஜா பிரான்சிஸ் ஒரு பக்கம் போட்டி. சார்லஸ் கையில ஏற்கனவே நேப்பிள்ஸ் இருக்கு, வடக்கேயும் வந்துட்டா போப்பு நடுவுல மாட்டிக்குவாரு, அதனால ரெண்டு பேரும் வேணாம், பிரெடரிக்கே பேரரசர் ஆகட்டும்னு லியோ நினைக்கிறாரு. இப்ப இந்த ஆளைப் போய் ஒரு சாமியார் விஷயத்துல பகைச்சுக்க முடியுமா? கிட்டத்தட்ட ஒரு வருஷம் லுத்தர் கேஸ் கட்டு தூசி படிஞ்சு கிடந்துச்சு. ஜூன் 28ந்தேதி தேர்தல், பிரெடரிக் எனக்கு வேணாம்னுட்டு ஓட்டை சார்லஸுக்குப் போட்டாரு. அந்தத் தேர்தல்ல ஓடின பணம் தெரியுமா, சுமார் 8.5 லட்சம் கில்டர், அதுல 5 லட்சத்துக்கு மேல ஃபுக்கர்ங்கிற ஒரே வட்டிக்கடைக் குடும்பம் குடுத்தது. நம்ம ஊரு இடைத்தேர்தல் எல்லாம் பிச்சை வாங்கணும்.

ஓட்டுப் போட்டவங்க சும்மா போடல. சார்லஸ்கிட்ட முன்கூட்டியே எழுதி வாங்கினாங்க, ஜெர்மன்காரன் எவனையும் விசாரிக்காம ஊர்விலக்கு செய்யக் கூடாது, விசாரணைக்கு வெளிநாட்டுக்குக் கொண்டு போகக் கூடாதுன்னு. இந்த ஒரு பேப்பர்தான் பின்னாடி வோர்ம்ஸ்ல வேலைக்கு வந்துச்சு. 1520 ஜூன்ல போப்பு ஆணை வருது, 60 நாள்ல பின்வாங்குன்னு, லுத்தர் அதை டிசம்பர் 10ந்தேதி விட்டன்பெர்க் வாசல்ல கொளுத்திடறாரு, ஜனவரி 3ந்தேதி சபை விலக்கம். சட்டப்படி பார்த்தா அதோட ஆளைப் புடிச்சு முடிச்சிருக்கலாம். பிரெடரிக் பிடிவாதமா "விசாரிக்காம தண்டிக்க மாட்டேன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க"ன்னு புதுப் பேரரசரைப் புடிச்சுக்கிட்டாரு. அதனாலதான் 1521 ஏப்ரல் 17, 18 அந்தப் பெரிய காட்சியே நடந்துச்சு. நம்ம சபையில பேசுற லுத்தரோட தைரியம் உண்மைதான், நான் குறைக்கல, ஆனா அந்தத் தைரியத்தைக் காட்ட ஒரு மேடை வேணும்ல, மேடை போட்டவரு இவரு.

மீதி சாப்பிட்டு வந்து எழுதறேன், நெட் வேற வந்து வந்து போவுது.

—

திருவாரூர்_டீச்சர்:

குமாஸ்தா அண்ணன் நல்லாத்தான் எழுதறாரு, ஆனா படிச்சா பிரெடரிக் ஏதோ நியாயத்துக்காகப் போராடின மாதிரி இருக்கு. பணக் கதையையும் சொல்லுங்களேன்.

தம்பி, 1517ல பாவமன்னிப்புச் சீட்டு வித்துக்கிட்டுத் திரிஞ்ச டெட்ஸல் இருக்காருல்ல, அவரை பிரெடரிக் தன் எல்லைக்குள்ளயே விடல. பக்தியில இல்ல. அந்தச் சீட்டு வித்த காசுல பாதி மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட் ஃபுக்கர்கிட்ட பட்ட கடனுக்குப் போவுது. ஆல்பிரெக்ட் யாரு, பிராண்டன்பர்க் குடும்பம், சாக்சனிக்குப் பக்கத்து வீட்டுப் பங்காளிப் பகை மாதிரி. அண்ணன் தம்பி ரெண்டு பேருமா ஏழு ஓட்டுல ரெண்டு ஓட்டை வச்சிருந்தாங்க. தன் ஊர் சனங்க காசு எதிரி வீட்டுக் கடனை அடைக்கப் போறதை எந்த ஆட்சிக்காரன் விடுவான்? அதுவுமில்லாம நீங்க சொன்ன அந்த 19,013 துண்டு இருக்கே, அதைப் பார்த்து காணிக்கை போட்டு செபிச்சா மொத்தமா 19 லட்சம் வருஷத்துக்கு மேல உத்தரிக்கிற ஸ்தலத்துல, அதாவது செத்த பிறகு ஆத்துமா சுத்தமாகிற இடத்துல, தண்டனை குறையும்னு கணக்குப் போட்டு வச்சிருந்தாங்க. அந்தக் காணிக்கையிலதான் கோயிலும் காலேஜும் ஓடுச்சு. ஆக டெட்ஸல் அவருக்குத் தொழில் போட்டி!

இன்னொன்னு, ஒரு ஆளு உயிரோட இருக்கிறதும் சாகிறதும் யாரோட எல்லையில நிக்கிறாங்கிறதைப் பொறுத்துதான் இருந்துச்சு. சாக்சனி 1485லயே ரெண்டா பாகப்பிரிவினை ஆயிடுச்சு. விட்டன்பெர்க் பிரெடரிக் பங்கு. லைப்சிக் சித்தப்பா பையன் ஜார்ஜ் பங்கு, அவரு லுத்தருக்குப் பரம எதிரி, லுத்தரோட புதிய ஏற்பாடு வந்ததும் தன் எல்லையில தடை போட்டாரு. ரெண்டு ஊருக்கும் மாயவரம் தஞ்சாவூர் தூரம்தான். இன்னும் மோசம் பிரஸ்ஸல்ஸ். 1523 ஜூலை 1ந்தேதி லுத்தரோட அதே துறவற சபையைச் சேர்ந்த ரெண்டு பேரை, ஹெண்ட்ரிக் வோஸ், யான் வான் எசன், நடுச்சந்தியில எரிச்சாங்க. அவங்க சொன்னதும் லுத்தர் சொன்னதும் ஒன்னுதான், ஆனா அந்த ஊரு சார்லஸோட சொந்த ஊரு, குறுக்க நிக்க ஒரு பிரெடரிக் இல்ல. உங்க பேச்சுல இவங்க பேரு கட்டாயம் வரணும், யாரும் சொல்றதே இல்ல.

—

பொறையார்_பையன்:

டீச்சரக்கா வோஸ் எசன் ரெண்டு பேரையும் குறிச்சுக்கிட்டேன், நிஜமாவே இதுவரைக்கும் கேள்விப்பட்டதே இல்ல. ஆனா ஒரு டவுட்டு, வெறும் பணம், பகைன்னா 1521க்கு அப்புறம் எதுக்குத் தொடர்ந்து காப்பாத்தணும்? போப்பு, பேரரசர் ரெண்டு பேருமே எதிரா ஆயிட்டாங்க, பல்கலைக்கழகத்துக்கு வேற வாத்தியாரைப் போட்டுட்டுப் போலாமே. அந்த வார்ட்பர்க் கோட்டை கடத்தல் நிஜமா நடந்ததா, இல்ல நம்ம ஆளுங்க கட்டி விட்டதா?

—

குடந்தை_குமாஸ்தா:

நடந்தது தம்பி. வோர்ம்ஸ்லேர்ந்து திரும்பிப் போக 21 நாள் பாதுகாப்பு குடுத்திருந்தாங்க. அந்தக் கெடு முடியறதுக்குள்ளயே, மே 4ந்தேதி, துரிங்கியா காட்டு வழியில வண்டியை மறிச்சு குதிரைக்காரங்க லுத்தரை இழுத்துக்கிட்டுப் போறாங்க. ஏதோ ஒளிச்சு வைக்கப் போறாங்கன்னு லுத்தருக்கு முன்னாடியே தெரியும், எங்கேன்னுதான் தெரியாது, ஓவியர் கிரானாக்குக்கு அப்படித்தான் லெட்டர் எழுதியிருக்காரு. பிரெடரிக் தன் ஆளுங்ககிட்ட "எங்க வைக்கிறீங்கன்னு எனக்கே சொல்லாதீங்க"ன்னுட்டாரு, யாராச்சும் கேட்டா தெரியாதுன்னு பொய் இல்லாம சொல்லலாம்ல. இந்த மூளைதான் எனக்குப் புடிச்சது. வெளியில லுத்தரைக் கொன்னுட்டாங்கன்னே பரவிடுச்சு, ஓவியர் டியூரர் தன் டைரியில புலம்பித் தள்ளியிருக்காரு.

கோட்டையில தாடி வளர்த்து, இடுப்புல வாள் கட்டி, யோர்க்னு பேர் மாத்திக்கிட்டு மறுவருஷம் மார்ச் வரைக்கும் இருந்தாரு, அங்க உக்காந்துதான் புதிய ஏற்பாட்டைச் சில மாசத்துல ஜெர்மன்ல எழுதி முடிச்சாரு, 1522 செப்டம்பர்ல புத்தகமா வந்துச்சு.

இதுக்கு நடுவுல வோர்ம்ஸ் உத்தரவு மே 26ந்தேதி கையெழுத்தாவுது, லுத்தருக்கு யாரும் சோறு போடக் கூடாது, இடம் குடுக்கக் கூடாது, புடிச்சுக் குடுக்கணும்னு. பிரெடரிக் உடம்பு சரியில்லைன்னு அதுக்கு முன்னாடியே ஊரை விட்டுக் கிளம்பிட்டாரு. அந்த உத்தரவை சாக்சனிக்கு முறைப்படி அனுப்பாம விட சார்லஸும் ஒத்துக்கிட்டாரு. ஏன்னா சார்லஸுக்கு பிரான்ஸ் கூட சண்டை, கிழக்கே துருக்கிப் படை, 1521ல பெல்கிரேடு விழுந்துடுச்சு, இந்தப் பிரபுங்க பணமும் ஆளும் குடுத்தாத்தான் உண்டு. அந்த வருஷம் ஜெர்மனியை விட்டுப் போன சார்லஸ் 1530 வரைக்கும் திரும்பியே வரல. ஒம்பது வருஷம் மேல அதிகாரி வராத ஆபீஸ் எப்படி இருக்கும், நீங்களே நினைச்சுப் பாருங்க.

டீச்சரம்மா சொல்ற பணக் கணக்கு 1517க்கு சரி, நான் மறுக்கல. ஆனா தம்பி கேட்ட கேள்வி நியாயம், லுத்தரால அவரோட காணிக்கை வருமானமே படுத்துடுச்சுல்ல. 1522க்கு அப்புறம் அந்த எலும்பு கண்காட்சியே நின்னு போச்சு. காசுக்காக மட்டும்னா அப்பவே கைகழுவியிருக்கணும்.

எனக்குப் படறது என்னன்னா நடுவுல ஒரு ஆளு இருந்தாரு, ஸ்பலாட்டின். பிரெடரிக்கோட செக்ரட்டரி, அரண்மனைக் குருவானவரும் அவரே, லுத்தருக்கு நல்ல சிநேகிதம். லுத்தர் அவருக்கு எழுதின லெட்டர் மட்டும் 400க்கு மேல இன்னைக்கும் இருக்கு. பிரெடரிக்கும் லுத்தரும் ஒரே ஆட்சியில இத்தனை வருஷம் இருந்தும் நேருக்கு நேர் உக்காந்து பேசினதா பதிவே இல்ல, வோர்ம்ஸ்ல மட்டும் ஒரே மண்டபத்துல இருந்திருக்காங்க. அன்னைக்கு ராத்திரி ஸ்பலாட்டின்கிட்ட "டாக்டர் நல்லாத்தான் பேசினாரு, ஆனா எனக்கு ரொம்ப துணிச்சலா இருக்கு"ன்னாராம். பேசாம இருந்ததே ஒரு ஏற்பாடுதான்னு நான் நினைக்கிறேன். குமாஸ்தா மூலமா பேசினா நாளைக்கு எதுவும் மேல விழாது.

—

வேளாங்கண்ணி_ஆரோக்கியம்:

நான் கத்தோலிக்கன், கொஞ்சம் எங்க பக்கத்துலேர்ந்தும் கேளுங்க. பிரெடரிக்கை ஏதோ எலும்பு வியாபாரி மாதிரி டீச்சர் எழுதிட்டாங்க. அந்த மனுஷன் 1493ல எருசலேம் வரைக்கும் கப்பல்ல திருயாத்திரை போனவரு. கிறிஸ்துவோட முள்முடியில ஒரு முள்ளு, குடில் வைக்கோல்னு அவர் தேடித் தேடிச் சேர்த்தது காசுக்கு மட்டும்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். செப்டம்பர்ல எங்க ஊருக்கு நடந்தே வர்ற சனத்தைப் பார்த்தவனுக்கு அந்தப் பக்தி புரியும். உண்டியல் இருக்குங்கிறதுக்காக அழுவுறது பொய் ஆயிடாது.

அப்புறம் அவருக்கு உள்ளுக்குள்ள விசுவாசம் வந்துச்சான்னு கேட்டிருந்தீங்கல்ல தம்பி. 1525 மே 5ந்தேதி லோகாவ் மாளிகையில, ஸ்பலாட்டின் பக்கத்துல இருக்க, சாகறதுக்கு முன்னாடி நற்கருணையை அப்பமும் திராட்சரசமும் ரெண்டுமா வாங்கிக்கிட்டாரு. அந்தக் காலத்துல எங்க சபையில பொதுச்சனத்துக்கு அப்பம் மட்டும்தான், ரசத்தையும் வாங்கினாருன்னா அது ஒரு அறிக்கைதான். அதுவரைக்கும் வாயே திறக்கல. அடக்கத்துல பிரசங்கம் பண்ணது லுத்தர், அதே 95 வாசகக் கோயில்ல, அங்கதான் கல்லறையும் இருக்கு. அதனால உங்க ஆளுன்னு சொல்லிக்கோங்க, ஆனா 62 வருஷத்துல கடைசி நாள்தான் உங்களுக்கு, மீதி எங்களுக்கு :)

கொலோன்ல அந்தக் காலத்துப் பெரிய அறிஞர் எராஸ்மஸ் சொன்ன ஜோக்கை யாரும் சொல்லலையே. 1520 நவம்பர்ல பிரெடரிக் அவரைக் கூப்பிட்டு லுத்தர் பத்தி என்ன நினைக்கிறீங்கன்னு கேட்டதுக்கு, ரெண்டு தப்பு பண்ணிட்டாரு, போப்போட கிரீடத்துல கை வச்சாரு, சாமியார்களோட வயித்துல கை வச்சாருன்னாராம். எங்காளுதான் எராஸ்மஸ், அவரும் கடைசி வரைக்கும் கத்தோலிக்கர்.

—

தரங்கை_கடல்காத்து:

பொறையார்லேர்ந்துகிட்டு சாக்சனி வரைக்கும் போய்ட்டு பக்கத்து ஊரு தரங்கம்பாடியை விட்டுட்டீங்களே தம்பி. உங்க பேச்சுக்கு இங்கயே ஆதாரம் கிடக்கு. புதிய எருசலேம் ஆலயத்து முகப்புல நிமிர்ந்து பாருங்க, 1718, மேல கிரீடத்தோட பின்னல் எழுத்துல ராஜா முத்திரை, டென்மார்க் ராஜா நாலாம் பிரெடரிக்கோடது. கோயிலுக்கு வர்றவங்க செருப்பைப் பார்க்கறாங்க, அதை யாரும் பார்க்கறதில்ல.

அந்த பிரெடரிக்தான் லுத்தரன் மிஷனரிங்க சீகன்பால்க்கையும் புளுச்சாவையும் அனுப்பினவரு, 1706 ஜூலை 9ந்தேதி இங்க வந்து இறங்கினாங்க. இவரு நிஜ ராஜா, கையில முத்திரை போட்ட அனுமதி குடுத்து அனுப்பியிருக்காரு. என்ன ஆச்சு? இங்க கோட்டையை வச்சிருந்தது டேனிஷ் கம்பெனி, அவங்களுக்கு வியாபாரம்தான் முக்கியம், மதம் மாத்த வந்தவங்களால தொல்லைன்னு நினைச்சாங்க. 1708 கடைசியில கோட்டைத் தலைவர் ஹஸியஸ் சீகன்பால்க்கைப் புடிச்சு டேன்ஸ்பர்க் கோட்டைக்குள்ளயே அடைச்சுட்டாரு, சுமார் நாலு மாசம். ராஜாவோட ஆளை ராஜாவோட கொடிக்குக் கீழயே! கோபன்ஹேகன்லேர்ந்து இங்க கப்பல் வர ஏழு மாசத்துக்கு மேல, லெட்டர் போயி பதில் வர்றதுக்குள்ள அவரே வெளியில வந்துட்டாரு.

ஆக, கையெழுத்து கூடப் போடாத சாக்சனி பிரெடரிக் பக்கத்துல இருந்ததால லுத்தரைத் தொட முடியல, எல்லாத்தையும் எழுதிக் குடுத்த டென்மார்க் பிரெடரிக் தூரத்துல இருந்ததால சீகன்பால்க் உள்ள போனாரு. குமாஸ்தா அண்ணன் சொல்ற மாதிரி பேப்பர் மட்டும் போதாது, பேப்பரைக் காட்டுறதுக்கு ஆளு உள்ளூர்ல இருக்கணும். பின்னாடி தஞ்சாவூர்ல ஷ்வார்ட்ஸ் ஐயருக்கு அது அமைஞ்சுது, மராட்டிய அரண்மனையே அவரை நம்புச்சு, சரபோஜி மகாராஜா அவருக்குச் சலவைக்கல்லுல ஃப்ளாக்ஸ்மேன் கையால சிற்பம் செய்யச் சொல்லி வரவழைச்சு வச்சாரு, சிவகங்கைத் தோட்டத்துப் பக்கம் அந்தக் கோயில்ல இன்னைக்கும் இருக்கு, சாகக் கிடக்கிற ஐயர் கையை மகாராஜா புடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி. இந்து ராஜா, லுத்தரன் ஐயர். போய்ப் பாருங்க.

—

திருவாரூர்_டீச்சர்:

கடல்காத்து சொன்னது அருமை, நான் ஹஸியஸ் கோணத்துல யோசிச்சதே இல்ல. ஆரோக்கியம் சார், பக்தியைக் குறை சொல்லல, காணிக்கைக் கணக்கைச் சொன்னேன், ரெண்டும் ஒரே ஆளுகிட்ட இருக்கலாம்.

ஆனா ராஜா பாதுகாப்புக்கு ஒரு விலை இருக்குல்ல, அதை யாரும் தொடல. பிரெடரிக் சாகற நேரத்துல உழவர் கலகம் உச்சத்துல இருந்துச்சு. குத்தகை, வெட்டி வேலை, காடு ஆத்து உரிமை எல்லாம் கேட்டு ஜெர்மனி பூரா விவசாயிங்க எழுந்தாங்க, லுத்தரோட எழுத்தைக் கையில வச்சுக்கிட்டே எழுந்தாங்க. நம்ம டெல்டாக்காரனுக்கு இந்த இடம் சுருக்குன்னு படும். சாகப் போற பிரெடரிக் தம்பி யோகானுக்கு எழுதின லெட்டர்ல, இந்த ஏழைங்க எழுந்திருக்க நாமளே காரணம் குடுத்திருப்போம், பலவிதத்துல அவங்க மேல பாரம் ஏத்திட்டோம்ங்கிற மாதிரி எழுதறாரு. லுத்தர் என்ன எழுதினாரு? கலகக்காரங்களை வெட்டு, குத்துன்னு பிரபுக்களுக்கு. மே 15ந்தேதி ஃபிராங்கன்ஹவுசன்ல ஆயிரக்கணக்குல கொன்னு குவிச்சாங்க. காப்பாத்தினவன் கொஞ்சம் இரக்கப்பட்டான், காப்பாத்தப்பட்டவரு கையை ஓங்கச் சொன்னாரு. சீர்திருத்த ஞாயிறுல இதைச் சொல்ற தைரியம் இருக்கா தம்பி?

—

குடந்தை_குமாஸ்தா:

டீச்சரம்மா அடிச்ச இடம் சரியான இடம், அதுல நான் லுத்தருக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனா ஒரே ஒரு லெட்டரைச் சேர்த்துக்கோங்க. 1522 மார்ச் 5, விட்டன்பெர்க்ல ஆளுங்க சிலையை உடைக்கிறாங்க, கலாட்டா, லுத்தர் வார்ட்பர்க்கை விட்டு பிரெடரிக் வேணாம்னு சொல்லியும் கிளம்பி வர்றாரு. வழியில போர்னாங்கிற ஊர்லேர்ந்து பிரெடரிக்குக்கு எழுதறாரு, நான் உங்களைவிடப் பெரிய பாதுகாப்புல வர்றேன், உங்க பாதுகாப்பைக் கேக்கறதா இல்ல, பார்க்கப் போனா நீங்க என்னைக் காக்கறதைவிட நான் உங்களைக் காப்பேன்னு. எவ்ளோ கொழுப்பு பாருங்க, எவன் தயவுல உசுரோட இருக்காரோ அவனுக்கே! பிரெடரிக் இதுக்குக் கோவிக்கல, ரெண்டாவது லெட்டர் ஒன்னு, நான் உங்க அனுமதி இல்லாமத்தான் வந்தேன்னு பேரரசு சபையில காட்டுற மாதிரி எழுதிக் குடுங்கன்னு கேட்டு வாங்கி ஃபைல்ல வச்சுக்கிட்டாரு. அங்கயும் பேப்பர்தான்.

அவருக்கு அப்புறம் தம்பி யோகான் வந்ததும் இந்த மூடு மந்திரம் எல்லாம் போச்சு, வெளிப்படையாவே லுத்தரன், 1529ல ஸ்பையர்ல கூடின பேரரசு சபையில எதிர்ப்பு, 1530 ஜூன் 25 ஆக்ஸ்பர்க் அறிக்கையில (லுத்தரன் விசுவாச அறிக்கை) கையெழுத்து, அடுத்த வருஷம் லுத்தரன் பிரபுங்களோட ஷ்மால்கால்டன் கூட்டணி. அவர் மகன் காலத்துல 1547 ஏப்ரல் 24 மூல்பெர்க் சண்டையில சார்லஸ் புடிச்சு உள்ள போட்டு, அந்த ஓட்டுரிமையையே பங்காளி மோரிட்ஸுக்கு மாத்திக் குடுத்தாரு. மோரிட்ஸும் லுத்தரன்தான், அது தனிக் கூத்து. பெரியப்பன் வாய்தா வாங்கிக் காப்பாத்தின பதவியை தம்பி மகன் சண்டை போட்டு விட்டான்.

—

பொறையார்_பையன்:

அண்ணே அக்கா எல்லாருக்கும் ரொம்ப நன்றி, எனக்குக் குடுத்திருக்கிறது பத்து நிமிஷம், நீங்க எழுதினதை அப்படியே படிச்சாலே அரை மணி ஆவும். பிரஸ்ஸல்ஸ் ரெண்டு பேர்ல ஆரம்பிச்சு, ஆக்ஸ்பர்க், தேர்தல், வார்ட்பர்க் வந்து, ஹஸியஸ்ல முடிக்கலாம்னு இருக்கேன். உழவர் கலகத்தை ஐயர்கிட்ட கேட்டேன், "சொல்லுப்பா, ஆனா மூப்பர்ல நாலு பேரு நிலம் குத்தகைக்கு விட்டிருக்காங்க, பார்த்து"ன்னாரு.

—

திருவாரூர்_டீச்சர்:

அப்ப கட்டாயம் சொல்லணும்!